ஒளியும் விழியும்

நுழையும்முன்

கண் நலம் காக்கும் பழக்கங்களுள் பொருட்செலவு இல்லாத ஒன்று பகலொளியில் இருத்தல். கதிரவன் முந்தி உதித்து முந்தி மறையும் அந்தமானில் அப்பழக்கத்திற்கு ஏற்ற வேளை எது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பிறந்த குழந்தையின் கண்விழி முன்பின்னாக ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீளமுடையது. உடலோடு சேர்ந்து வளர்ந்து அது 24 மில்லிமீட்டர் அளவை எட்டுகிறது. அளவு கடந்து நீளுமாயின், தொலைவிலுள்ள பொருளின் உருவம் விழித்திரைக்கு முன்னரே விழுந்துவிடும். அப்போது கையிலுள்ள புத்தகம் தெளிவாகத் தெரியும். கரும்பலகை எழுத்து மங்கும். இதுவே கிட்டப்பார்வை. நீண்ட விழி மீண்டும் சுருங்குவதில்லை. ஆதலின் வருமுன் காத்தலே அறிவுடைமை.

விழி அளவோடு வளரப் பகலொளி துணைசெய்கிறது. வெளிச்சம் மிகும்போது விழித்திரையில் டோபமைன் என்னும் வேதிப்பொருள் சுரந்து, விழி மிகையாக நீள்வதைத் தடுக்கிறது என்பர் அறிவியலாளர். வகுப்பறையில் பெரும்பாலும் சில நூறு லக்ஸ் வெளிச்சமே இருக்கும். வெயில் நாளில் திறந்தவெளியில் அது 10,000 லக்ஸைக் கடக்கும். மேகமூட்டத்திலும் மரநிழலிலும்கூட அறையைவிடப் பன்மடங்கு ஒளி உண்டு.

சீனாவின் குவாங்சௌ நகரில் 2010ஆம் ஆண்டு 12 பள்ளிகளின் முதல் வகுப்பு மாணவரிடையே ஓர் ஆய்வு தொடங்கியது. ஆறு பள்ளிகளில் மட்டும் நாள்தோறும் 40 நிமிட வெளிப்புற வகுப்பு சேர்க்கப்பட்டது. மூன்றாண்டுகளில் அப்பள்ளிகளில் 30.4 விழுக்காட்டினருக்கும், ஏனைய பள்ளிகளில் 39.5 விழுக்காட்டினருக்கும் புதிதாகக் கிட்டப்பார்வை தோன்றியது. குறையை முற்றிலும் ஒழிக்காவிடினும், வெளியில் இருத்தல் பலரைக் காத்தது.

இனி, பத்துபஸ்தியில் வாழும் மாணவரின் நாளை நோக்குவோம். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டைக் கொண்டு கணிக்கப்படுகிறது. பத்துபஸ்தியோ 93 பாகையை ஒட்டி உள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம், இங்குக் கதிரவன் உச்சிக்கு வருவது ஏறத்தாழ 40 நிமிடம் முந்துகிறது. சூன் மாதத்தில் காலை ஐந்து மணிக்கு முன்பே பொழுது புலர்கிறது. திசம்பர் தொடக்கத்தில் மாலை ஐந்து மணிக்கு முன்பே கதிரவன் மறைகிறது. பள்ளி முடிந்து தனிவகுப்புக்கும் சென்று திரும்பும் மாணவர் விளையாட விரும்பினாலும், அவருக்காகப் பகல் காத்திருப்பதில்லை. எஞ்சுவது கைப்பேசி ஒளியே. ஆகவே தமிழ்நாட்டு மாணவர் மாலையில் பெறும் ஒளியை அந்தமான் மாணவர் காலையிலும் பள்ளி இடைவேளையிலும் பெறவேண்டும். விரைந்து உறங்கி விரைந்து எழுதல், பள்ளிக்கு நடந்து செல்லுதல், உணவு இடைவேளையில் மரநிழலில் அமர்தல் ஆகியன அதற்கு வழிகள். கதிரவனை நேரே உற்று நோக்குதல் மட்டும் ஒருபோதும் கூடாது.

உணவும் கண்ணைக் காக்கிறது. ஆயின் அதன் பணி வேறு. முருங்கைக்கீரை, பப்பாளி, மீன், முட்டை ஆகியவற்றால் கிடைக்கும் வைட்டமின் ஏ மாலைக்கண் நோயைத் தடுக்கும். கீரையைச் சிறிது எண்ணெய் சேர்த்துச் சமைத்தால் அச்சத்து உடலில் நன்கு சேரும். ஆனால் கீரை உண்டால் மூக்குக்கண்ணாடி தேவைப்படாது என்பது தவறான நம்பிக்கை. கண்ணாடி அணிந்தால் பார்வை மேலும் கெடும் என்பதும் அத்தகையதே. கரும்பலகை மங்கலாகத் தெரிந்தால் மறைக்காமல் ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் கூறிக் கண் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

சொல்லும் பொருளும்

விழித்திரை – கண்ணின் உட்புறத்தில் உருவம் விழும் படலம்
பாகை – கோண அளவு
மாலைக்கண் – மங்கிய ஒளியில் பார்வை குன்றும் நோய்

வினாக்கள்

1. கிட்டப்பார்வை எவ்வாறு உண்டாகிறது?
2. அந்தமான் மாணவருக்குக் காலை ஒளி இன்றியமையாதது ஏன்?
3. கிட்டப்பார்வை, மாலைக்கண் – வேறுபடுத்துக.

செயல்பாடு

ஒரு வாரம் பகலொளியில் செலவிட்ட நேரத்தையும், கைப்பேசி, தொலைக்காட்சி முன் செலவிட்ட நேரத்தையும் அட்டவணைப்படுத்தி ஒப்பிடுக.