திரைக்குத் தமிழ் வந்த கதை

கேள்வி: புது ஃபோன், கம்ப்யூட்டர் செய்திகளை இப்போது தமிழிலேயே படிக்கிறோம். இது எப்படித் தொடங்கியது?
– வாசகர், பிரம்மதேசம், திண்டிவனம் வழி

பதில்: விதை போட்டவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் எழுத்தாளர் சுஜாதா. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர். ஜூனியர் விகடனின் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ பகுதியில் வாசகர்களின் அறிவியல் சந்தேகங்களைத் தீர்த்துவைத்தார். கருவிகளைப் பற்றித் தமிழில் சரளமாகப் பேச முடியும் என்று காட்டினார்.

அச்சில் தடை இல்லை, திரையில்தான் சிக்கல். தொண்ணூறுகளின் கடைசியில் ஒவ்வோர் இணையதளமும் ஒவ்வோர் எழுத்துருவைப் பயன்படுத்தியது. அந்த எழுத்துரு உங்கள் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால், ‘அம்மா’ என்ற சொல்கூடப் புரியாத குறிகளாகத் தெரியும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. அதையொட்டி வந்ததுதான் தமிழ்99 விசைப்பலகை. அதில் அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளைத் தட்டினால் ‘அம்மா’ வந்துவிடும்; புள்ளி தானாக விழும். பிறகு, எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடு பரவியது; எழுத்துருச் சிக்கல் தீர்ந்தது. எல்லாத் திரைகளிலும் ஒரே தமிழ் தெரிந்தது. 2005இல் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘செல்லினம்’ செயலி கைப்பேசிக்குத் தமிழைக் கொண்டுவந்தது. 2013இல் ஐஃபோனிலேயே தமிழ் விசைப்பலகை இடம்பெற்றது.

உங்கள் ஊரில் இருந்தபடி இன்று நீங்கள் தமிழில் படிக்கும் ஒவ்வொரு செய்திக்குப் பின்னாலும் இத்தனை பேர் உழைப்பு இருக்கிறது. படிப்பதோடு நிற்காமல், நீங்களும் தமிழில் தட்டி எழுதுங்கள். அதுதான் அவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றி.