பெட்டியில் கிடைத்த மூன்று வெள்ளி ரூபாய்

கேள்வி: மாமியாரின் பழைய டிரங்குப் பெட்டியில் மூன்று வெள்ளி ரூபாய் கிடைத்தன. ஒன்றில் 1862, ஒன்றில் 1911, இன்னொன்றில் 1939 என்று இருக்கிறது. 1862 நாணயத்தில் ஆண்டுக்குக் கீழே பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரிகின்றன. அது அபூர்வ ரகம், லட்சக்கணக்கில் போகும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். எங்கள் ஊர் நகைக்கடைக்காரரோ மூன்றையும் எடை போட்டு வெள்ளி விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். 1911 நாணயம் கறுத்திருந்ததால் புளி போட்டுத் துலக்கிவிட்டேன். இவற்றின் சரியான விலையை எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, தேவகோட்டை

பதில்: நகைக்கடைக்காரர் சொன்னது அடிமட்ட விலை. அந்தக் கால ரூபாயின் எடை 11.66 கிராம். பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. அதாவது ஒரு நாணயத்தில் ஏறக்குறைய 10.69 கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது. அன்றைய வெள்ளி விலையால் இதைப் பெருக்கினால் வருவதற்குக் கீழே யாருக்கும் கொடுக்காதீர்கள். அதற்கு மேல் எவ்வளவு என்பதுதான் உங்கள் கேள்வி. எத்தனை நாணயம் மிஞ்சியிருக்கிறது என்று மட்டும் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. அந்த நாணயத்தைத் தேடி அலைபவர் எத்தனை பேர் என்பதையும் பார்க்க வேண்டும்.

1911-இலிருந்து தொடங்குகிறேன். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் வந்த முதல் ரூபாய் அது. மன்னரின் மேலங்கியில் ஒரு சின்ன யானை உருவம் இருக்கும். தும்பிக்கை குட்டையாக அமைந்துவிட்டதால் அது பன்றி போலத் தெரிகிறது என்று மக்களிடம் எதிர்ப்பு கிளம்பியது. அரசு நாணயத்தைத் திரும்பப் பெற்று, 1912-இல் யானையைத் திருத்தி வெளியிட்டது. கல்கத்தா, பம்பாய் இரண்டு நாணயச்சாலைகளிலும் சேர்த்து அடித்தது சுமார் 94 லட்சம். புழக்கத்துக்குப் போனது 7 லட்சம் என்று நாணய நூல்கள் குறிக்கின்றன. ஏழு லட்சம் என்பது குறைந்த எண்ணிக்கை அல்ல. இன்றும் எல்லா நாணயக் கண்காட்சியிலும் சில காசுகள் கண்ணில் படும். ஆனாலும் வெள்ளி விலையைவிட நன்றாக மேலே விற்கிறது. காரணம், பிரிட்டிஷ் இந்திய ரூபாய்களை ஆண்டு வாரியாகச் சேர்க்கும் எவருக்கும் 1911-இன் இடம் காலியாக இருக்கக் கூடாது. ‘பன்றி ரூபாய்’ கதையைக் கேட்டு, சேகரிப்பில் இல்லாதவர்கள்கூட ஒன்று வாங்கி வைக்கிறார்கள்.

இப்போது உங்கள் 1862. விக்டோரியா உருவம் உள்ள இந்த ரூபாயை 1862-இல் மட்டும் அடித்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 1874-இல் உண்மையான ஆண்டைப் பொறிக்கும் வழக்கம் வரும்வரை, எந்த ஆண்டில் அடித்தாலும் 1862 என்றே போட்டார்கள். கோடிக்கணக்கில் வெளிவந்த நாணயம் அது. நம் பக்கத்துக் குடும்பங்களில் காதில்லாத காசாகவும், வளையம் பற்றவைத்த பதக்கமாகவும் இன்றும் கிடைக்கிறது. அதில் புள்ளி வைத்தது பம்பாய் நாணயச்சாலை. மலர்ச்சுற்றுக்குள் எழுத்துக்கு மேலே சில, ஆண்டுக்குக் கீழே சில என்று புள்ளிகள் விதவிதமாக மாறிவரும். அடித்த ஆண்டை அடையாளம் காட்டவே அப்படி வைத்தார்கள் என்பது ஆய்வாளர்களின் கருத்து. இதோடு அரசியின் மார்பளவு உருவத்தில் சிறு வேறுபாடுகளும், பின்புறப் பூ வேலைப்பாட்டில் வேறுபாடுகளும் சேர்ந்துகொள்ளும். இவற்றில் எது எதோடு சேர்ந்து வருகிறது என்பதைப் பொறுத்து ரகம் பிரிக்கிறார்கள். பிரிட்மோரின் நூலும், ஸ்டீவன்ஸ்–வியர் இருவரும் எழுதிய நூலும் இதற்கு வழிகாட்டி.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்து, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி நாணயத்தைச் சாய்த்துப் பாருங்கள். புள்ளி மேலெழும்பி, விளிம்பு மழுங்காமல் இருந்தால் அது அச்சில் இருந்தது. குழியாகவோ ஒரு பக்கம் மட்டும் சரிந்தோ இருந்தால் அடிபட்ட தழும்பு, அல்லது அழுக்கு. மேலே எத்தனை, கீழே எத்தனை என்று தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். யூடியூபில் ‘புள்ளி வைத்த 1862’ என்று மொத்தமாகப் பேசுவதால்தான் குழப்பம். பெரும்பாலான புள்ளி ரகங்கள் சாதாரணமானவை. சில ரகங்கள் உண்மையிலேயே அரிது.

அரிதான ரகமே உங்களிடம் இருந்தாலும் விலை வானத்துக்குப் போய்விடாது. புள்ளியை எண்ணி ரகம் பிரித்துச் சேர்க்கும் பொறுமை உள்ளவர்கள் நாட்டில் சிலர்தான். அவர்களில் அந்த ரகம் ஏற்கெனவே கையில் இருப்பவரை விட்டுவிட்டால், ஏலத்தில் கை தூக்க இரண்டு பேர் மிஞ்சினாலே அதிகம். அந்த இருவரும் விடாப்பிடியாக மோதினால் ஒரு நாளில் விலை பறக்கும். அதில் ஒருவருக்குக் கிடைத்துவிட்டால் அடுத்த முறை அதே ரகம் பாதி விலைக்கு நின்றுவிடும். நூலில் ‘மிக அரிது’ என்று ஒரு ரகம் பதிவானதும் எல்லோரும் தங்கள் டப்பாவைக் கிளறுவார்கள். நாலைந்து புதிதாகக் கிளம்பும். அதுவரை அது அரிதாகத் தெரிந்ததற்குக் காரணம், யாரும் தேடாததுதான். நாணயத்தைச் சோதித்துத் தரத்துக்கு எண் கொடுக்கும் அமெரிக்கத் தரச்சான்று நிறுவனங்களின் பட்டியலில் ‘உலகிலேயே மூன்றுதான்’ என்று காட்டுவதையும் இப்படியே பார்க்க வேண்டும். நம் நாட்டு நாணயங்களில் மிகச் சிறு பகுதியே அங்கே போகிறது. போகாதவற்றைப் பற்றி அந்தப் பட்டியலுக்கு எதுவும் தெரியாது.

மூன்றில் மிகவும் கவனம் வேண்டியது 1939. ஆறாம் ஜார்ஜ் பெயரில் உயர்தர வெள்ளியில் வந்த ரூபாய்கள் 1938, 1939 என்ற இரண்டு ஆண்டு மட்டுமே. 1940-இலிருந்து வெள்ளியின் பங்கு பாதியாகிவிட்டது. இதில் 1938 தாராளமாகக் கிடைக்கும். 1939 மிக அபூர்வம். அதைத் தேடுபவரோ ஏராளம். இந்த இரண்டும் ஒரே நாணயத்தில் சேர்ந்ததால்தான் அதன் விலை உண்மையாகவே உயரத்தில் இருக்கிறது. போலிகள் குவிந்ததும் அதனால்தான். 1938-இல் உள்ள கடைசி எட்டைச் செதுக்கி ஒன்பதாக்கிவிடுகிறார்கள். இங்கே தராசு உதவாது. எடை சரியாக இருக்கும், வெள்ளியும் சரியாக இருக்கும், விளிம்பும் சரியாக இருக்கும். ஏனென்றால் நாணயம் அசல். அந்த ஒரு இலக்கம்தான் போலி. ஒன்பதைச் சுற்றியுள்ள பரப்பை லென்ஸில் பாருங்கள். மற்ற இலக்கங்களைச் சுற்றி இருக்கும் அதே வழவழப்பு அங்கேயும் இருக்கிறதா, அல்லது நுண்ணிய கீறலும் பள்ளமும் தெரிகிறதா? ஒன்பதின் கீழ் வளைவு மற்ற இலக்கங்களின் தடிமனில் இருக்கிறதா? சந்தேகமில்லாத 1939-இன் தெளிவான படத்தோடு ஒப்பிடுங்கள். இவ்வளவும் பார்த்த பிறகும் தரச்சான்று இல்லாமல் 1939-ஐ முழு விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள், வாங்கவும் கூடாது. நேர்மையாகச் சொன்னால், பெட்டியில் கிடைக்கும் 1939-களில் பெரும்பாலானவை தேறுவதில்லை. ஆனாலும் பார்க்காமல் உருக்கக் கொடுத்துவிடாதீர்கள்.

துலக்கிய 1911 பற்றி வருத்தமான செய்திதான். புளியும் சாம்பலும் கறுப்பை எடுக்கும்போது, அச்சிலிருந்து வந்த மேற்பரப்பையும் சேர்த்து எடுத்துவிடுகின்றன. பழகிய கண்ணுக்கு ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள் உடனே தெரியும். தரச்சான்று நிறுவனங்கள் அப்படிப்பட்ட காசுக்கு எண் தராமல், ‘துலக்கப்பட்டது’ என்று குறித்து அனுப்பும். விலை கணிசமாகக் குறையும். மற்ற இரண்டையும் தண்ணீர்கூடப் படாமல், விளிம்பைப் பிடித்தே எடுத்து, தனித்தனி உறையில் வையுங்கள்.

விலை பார்க்க, இணையத்தில் ‘இவ்வளவுக்கு விற்கப்படும்’ என்று போட்டிருக்கும் தொகைகளை ஒதுக்கிவிடுங்கள். அது கேட்கும் விலை. எவரும் எதையும் கேட்கலாம். டோடிவாலா, மருதர் ஆர்ட்ஸ், கிளாசிகல் நியூமிஸ்மாட்டிக் கேலரி போன்ற ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களில் எந்தக் காசு என்ன விலைக்குப் போனது என்பதைப் படத்தோடு வெளியிடுகின்றன. அதே ரகம், ஏறக்குறைய அதே தேய்மானம் உள்ள நாலைந்து விற்பனைகளை எடுங்கள். தனியாக உயர்ந்து நிற்கும் ஒன்றைக் கழித்துவிடுங்கள். மீதி இருப்பதன் நடுவில்தான் உங்கள் காசின் விலை. அதிலும் நிறுவனத்தின் கமிஷன் கழியும். கடைக்காரர் வாங்கினால் தன் லாபத்தையும் கழித்துத்தான் கேட்பார். அது ஏமாற்று அல்ல.

பதிவுக் கட்டணம், வரி என்று முன்பணம் கேட்டு யாராவது பேசினால் உடனே தொடர்பைத் துண்டித்துவிடுங்கள். தன் பெயரையும் சின்னத்தையும் வைத்துப் பழைய நாணய மோசடி நடக்கிறது என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. நூறு ஆண்டு கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதனால் வெளிநாட்டு ஆசாமி நல்ல விலை சொன்னாலும் 1862-ஐயும் 1911-ஐயும் அவருக்கு அனுப்ப முடியாது. முதல் வேலையாக மூன்றையும் இருபுறமும் படம் எடுத்து, 1939-ஐ மட்டும் ஒன்றுக்கு இரண்டு ஏல நிறுவனங்களிடம் காட்டிக் கருத்தை எழுத்தில் வாங்குங்கள். மூன்றையும் ஒரே மொத்தமாக யாருக்கும் விலை பேசாதீர்கள்.