வீட்டுத் தொட்டியிற் கடல்நீரும் கடல்மணலும்

கடல்மீன் வளர்ப்போர் பெரும்பாலும் கடையில் விற்கும் கலவை உப்பை நன்னீரிற் கரைத்தே தொட்டியை நிரப்புகின்றனர். அவ்வுப்பின் விலை எளியோர்க்கு எட்டுவதன்று. வியாசர்பாடியினின்றும் இராயபுரக் கடற்கரை ஏறக்குறைய ஒரு மணி நேர நடையே. கடல் இத்துணை அண்மையில் இருக்க, அதன் நீரையும் மணலையும் விலைகொடுத்து வாங்குவானேன் என்னும் வினா இயல்பாகவே எழும். அண்டையிலுள்ள கொளத்தூர் வண்ணமீன் வாணிகத்திற் பேர்பெற்றதாயினும், அங்கு வளர்வன பெரும்பாலும் நன்னீர் மீன்களே.

இயற்கைக் கடல்நீரை அடைத்துவைத்து ஆளும் முறை பழையது. இலண்டன் கிரிஸ்டல் பாலஸில் 1871-இல் திறக்கப்பெற்ற காட்சிச்சாலையில், வில்லியம் ஆல்போர்டு லாயிட் என்பார் காட்சித் தொட்டிகளினும் பெரியதோர் இருட்டு நீர்த்தேக்கம் அமைத்தார். நம் நகரிலும் எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் 1909-இல் மெரினாவிற் கடலுயிர்க் காட்சிச்சாலையொன்று எழுந்து, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடப்பட்டது. 1961-இல் ஜகார்த்தாவைச் சார்ந்த லீ சின் எங், இயற்கை நீரும் உயிருள்ள பவளக்கல்லும் காற்றுக்குமிழுமே கொண்டு தொட்டியை நடத்தும் தம் முறையை எழுதி வெளியிட்டார். அவர் முறையை நாம் அப்படியே மேற்கொள்ளுதல் இயலாது. இந்நாட்டில் 2001 முதல் பவளங்கள் வனவுயிர்ச் சட்டத்தின் காவலுக்கு உட்பட்டன.

லாயிட் இருட்டை நாடியது ஏன்? கடல்நீர் வெறும் உப்புநீர் அன்று. கண்ணுக்குப் புலப்படாத மிதவை உயிர்கள் அதில் நிறைந்துள்ளன. குடத்துள் அடைபட்டவுடன் அவை மாண்டு அழுகி நீரைக் கெடுக்கும். ஒளி படாது மூடி இரண்டு மூன்று வாரம் வைத்தால், அழுகல் அடங்கிக் கசடு கீழே படியும். மேல்நீரை மட்டும் இறுத்துக்கொள்ளலாம். செம்பு நஞ்சாதலின் உலோகப் பாத்திரம் ஆகாது.

காலமும் நோக்கத்தக்கது. பெருங்கடல்நீர் ஒரு கிலோவில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், ஆற்றுநீர் கலத்தலால், நம் கரையோர நீரின் உவர்ப்புப் பெரிதும் குறைகின்றது. பங்குனி, சித்திரை மாதங்களில் முகந்த நீரே சிறந்தது.

இனி, எவ்விடத்து முகப்பது? இதுவே வடசென்னையார்க்கு இடர்தரும் வினா. 2017 ஜனவரி 28-இல் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையெங்கும் படிந்தது. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழியிற் பரவியது. அம்மாதத்திலேயே கடலடிக் குழாயினின்றும் அம்மோனியாவும் கசிந்தது. அம்மோனியா சிறிதாயினும் மீனைக் கொல்லும். கரையோரத்து நீர் தெளிந்து தோன்றினும் நம்பற்பாலதன்று. ஆழ்கடல் செல்லும் படகினரை வேண்டி, கரைக்குப் பல கல் அப்பால் முகந்துவரச் செய்தலே தக்கது. மீனுக்கு ஆகாத நீரருகே மக்கள் வலை வீசிப் பிழைக்கின்றனர் என்பதும் ஈண்டு நினைவுக்கு வருகின்றது.

மணலின் செய்தி வேறு. நெய்தற் பாட்டுக்களில் வரும் ‘எக்கர்’ என்னும் சொல்லுக்கு இடுமணல் என்பது பொருள். அலை கொணர்ந்து இட்டது என்னும் கருத்து எத்துணைப் பொருத்தமானது! நம் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி வடக்கு நோக்கியே நகர்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த துறைமுகச் சுவர் அதனைத் தடுத்தது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் முதலாகக் கரை அரிப்புண்டு, இன்று கருங்கற் குவியல்களே அலையைத் தாங்குகின்றன. ஆதலின் நமக்கு அண்மையிலுள்ள கரையில் மணலே அரிது. அங்கு எஞ்சியதையும் அள்ளுதல் முறையன்று. சற்றுத் தொலைவிலுள்ள அகன்ற கரையில் ஒரு வாளியளவு எடுத்தல் போதும்.

நம் மணல் பெரும்பாலும் படிகக்கல் துகள். அதனால் நீரிற் பாசி மிகும் என்று சிலர் அஞ்சுவர். படிகக்கல் நீரிற் கரைதல் மிக அரிதாதலின் அவ்வச்சம் மிகையே. கரும்பொடி ஊடே தோன்றினால் காந்தம் கொண்டு ஓரளவு நீக்கலாம். சிறுவர் கடற்கரையில் விளையாட்டாகச் செய்வதே அது. அலை நனைக்கும் இடத்து மணலைச் சலித்துக் கடல்நீராலேயே கழுவுக. குழாய்நீரின் குளோரின் மணலில் வாழும் நுண்ணுயிர்களை அழித்துவிடும்.

அந்நுண்ணுயிர்களே தொட்டியின் உயிர்நாடி. மீனின் கழிவில் தோன்றும் அம்மோனியாவை ஒருவகை நுண்ணுயிர் நைட்ரைட்டாகவும், மற்றொருவகை அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும். அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். அதுவரை மீன் இடலாகாது. மணல் இரண்டு விரற்கனம் இருப்பின் அமையும். மிகத் தடித்தால் காற்றுப் புகாத அடியிற் கருமை படிந்து, அழுகிய முட்டை நாற்றமுள்ள நச்சுவாயு தோன்றக்கூடும்.

நீர் ஆவியாய்க் குறையுங்கால் கடல்நீரை ஊற்றற்க. உப்பளத்திற் போலவே நீர் போகும், உப்பு நிற்கும்; குறைந்த அளவிற்குக் குளோரின் நீங்கிய நன்னீரே வார்த்தல் வேண்டும். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கை மாற்றுவதற்கு மட்டும் சேமித்த கடல்நீர் உதவும். நூறு லிட்டர்த் தொட்டிக்கு அது பத்து லிட்டர். இரண்டு மாதத்திற்கு எண்பது. இரண்டறை வீட்டில் மீனினும் நீர்க்குடங்களுக்கே மிகுதியான இடம் வேண்டும்.

முதலில் விடுதற்குத் துறவி நண்டு ஏற்றது. கரையோரத்துக் கீச்சான் குஞ்சு வன்மையுடையதாயினும், வளர்ந்தபின் உடனுறை மீன்களைக் கடிக்கும், தனித்தே வளர்க்க.