ஜீப் எப்போ வழுக்கும், எப்போ கவிழும்?

இந்த முறை அறிவியல் பகுதிக்கு நான் எழுதுவது செல்போன் விளையாட்டைப் பற்றி. திட்டாதீங்க டீச்சர், உள்ளே பாடம் இருக்கு.

பப்ஜின்னு எல்லாரும் சொல்ற விளையாட்டு 2017-ல் வந்தது. அதன் செல்போன் வடிவத்தை 2020 செப்டம்பரில் நம் நாட்டில் தடை செய்தார்கள். 2021-ல் பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் திரும்ப வந்தது. தீவில் 100 பேர் குதிப்பாங்க, கடைசி வரை உயிரோடு இருப்பவருக்கு வெற்றி. பெரிய தீவு 8 கிலோமீட்டர் நீளம், 8 கிலோமீட்டர் அகலம். நடந்து தீராது. அதனால் அங்கங்கே வண்டி நிற்கும். டாசியா கார் தார் ரோட்டில் பறக்கும், காட்டில் இறக்கினால் திணறும். யு.ஏ.இசட். என்ற ரஷ்ய ஜீப் கரடு முரடில் அசராமல் போகும். மோட்டார் பைக் வேகம்தான், ஆனா ஒரு மேட்டில் எகிறினால் குப்புற விழும். ஒரே வண்டி எல்லாத்திலும் நல்லா இருந்தா மத்ததை யார் தொடுவாங்க? அதுக்காகவே ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை வைக்கிறாங்க.

எங்க அண்ணன் இதில் கெட்டிக்காரன். போன மாசியில் எங்க மாமா டிராக்டரில் வைக்கோல் ஏற்றி வரும்போது, ஒரு பக்கச் சக்கரம் வாய்க்காலில் இறங்கிப் பெட்டி கவிழ்ந்துவிட்டது. மாமாவுக்குக் கை முறிந்தது. கட்டுப் பிரிக்கும் வரை அண்ணன்தான் ஓட்டினான். "கேம்ல எத்தனை மேடு ஏத்தியிருக்கேன், இது என்ன"ன்னு சொன்னான். எனக்குப் பயமா இருந்தது. அதனால்தான் இதைப் படிக்க ஆரம்பிச்சேன்.

வேகமாகப் போகும் வண்டியைத் திருப்பினால் என்ன ஆகும்? நிலைமம் காரணமாக வண்டி நேராகவே போகப் பார்க்கும். டயரின் உராய்வுதான் கீழே பிடித்து இழுத்துத் திருப்புகிறது. வேகம் இரண்டு மடங்கானால் அதே வளைவுக்கு நாலு மடங்கு விசை வேண்டும். உராய்வு போதவில்லை என்றால் வண்டி வழுக்கும். உராய்வு நன்றாகப் பிடித்து, ஈர்ப்பு மையம் உயரத்தில் இருந்தால்? கீழே டயர் நிற்கும், மேலே உடம்பு போகும். கவிழ்ந்துவிடும்.

எது முதலில் நடக்கும் என்று கணக்குப் போடலாம். இரண்டு பக்கச் சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுக்கணும். அகலம் 1.4 மீட்டர், உயரம் 0.7 மீட்டர் என்றால் விடை 1. காய்ந்த தார் ரோட்டில் டயரின் உராய்வு எண் சுமார் 0.7. விடை அதைவிடப் பெரியது, அதனால் வண்டி வழுக்கும், கவிழாது. ஈர்ப்பு மையம் 1.4 மீட்டருக்கு ஏறினால் விடை 0.5. இப்போ கவிழும்! சேற்றில் உராய்வு குறைவு, அதனால் அங்கே திருப்பினால் வழுக்கும். ஆனா வழுக்கிப் போய் ஒரு வரப்பில் இடித்தால் அப்போ கவிழும்.

விளையாட்டு செய்பவர்களுக்குத் தலைவலியே இதுதான். ஜீப் வழுக்குதுன்னு பிடிப்பைக் கூட்டினால் ஒவ்வொரு வளைவிலும் உருளும். உருளுதுன்னு பிடிப்பைக் குறைத்தால் சோப்பு மேல் ஓட்டுவது போல இருக்கும். இதுக்குப் பல விளையாட்டுகளில் ஒரு தந்திரம் செய்றாங்க. ஈர்ப்பு மையத்தை நிஜ வண்டியில் இருப்பதைவிடக் கீழே இறக்கி வைத்துவிடுவார்கள். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைக்கு அடிப்பக்கம் கனமா இருக்கே, அது மாதிரி. சாய்ந்தாலும் எழுந்து நிற்கும். படத்தில் ஜீப் உயரமாகத் தெரியும், கணக்கில் அது குள்ளம். ரொம்பவும் இறக்கினாலும் ஓட்டுபவருக்குப் பொம்மை வண்டி மாதிரி தோணுமாம். அதனால் கொஞ்சம் கொஞ்சமா மாற்றி, ஓட்டி ஓட்டிப் பார்ப்பார்கள்.

நம்ம வைக்கோல் பெட்டியில் இந்தத் தந்திரம் கிடையாது. ஒவ்வொரு அடுக்கு ஏற்றும்போதும் ஈர்ப்பு மையம் மேலே போகுது. விடை 0.5 வரும் அளவுக்கு ஏற்றிவிட்டால், நின்ற இடத்திலேயே சுமார் 27 டிகிரி சாய்ந்தால் போதும், கவிழும். வைக்கோல் ஒரு பக்கம் சரிந்தால் அதுக்கும் முன்னாடியே.

இதை அண்ணனுக்குக் காட்ட ஒரு சோதனை செய்தேன். பரீட்சை அட்டை மேல் ஒரு தீப்பெட்டியைப் படுக்க வைத்து, இன்னொன்றைச் செங்குத்தாக நிறுத்தி, அட்டையை மெதுவாகச் சாய்த்தேன். நின்றது கவிழ்ந்தது, படுத்தது பிறகு வழுக்கியது. அப்புறம் நிற்கும் பெட்டிக்குள் ஒரு ரூபாய் நாணயத்தைச் சோற்றுப் பருக்கையால் அடியில் ஒட்டினேன். முன்பைவிட அதிகச் சாய்வு தாங்கியது. அதே நாணயத்தை உச்சியில் ஒட்டினால் சீக்கிரமே விழுந்தது. அட்டை மேல் உப்புத்தாள் ஒட்டினேன். படுத்த பெட்டி வழுக்காமல் ரொம்ப நேரம் நின்றது. நின்ற பெட்டிக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை, அதே சாய்வில் விழுந்தது.

அண்ணன் பார்த்துட்டு, "தீப்பெட்டியும் டிராக்டரும் ஒண்ணா?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டான். மாமா மட்டும் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்து நாலைந்து தடவை சாய்த்துப் பார்த்தார்.

அட்டையும் தீப்பெட்டிகளும் எங்க வகுப்பு அலமாரியில் இருக்கு. வேணுங்கிறவங்க கேட்டு வாங்கிச் செய்து பாருங்க. குச்சியெல்லாம் எடுத்துட்டேன் டீச்சர்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி