தண்டவாளம் எங்கே போனது?

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் பள்ளி வலையொலிக் குழுவின் தலைப்புப் பட்டியல் வந்து சேர்ந்தது. ‘மலாக்காத் தமிழர் வரலாறு’, ‘சமூக ஊடகத்தின் நன்மை தீமைகள்’, ‘தமிழ்ப்பள்ளிகளின் எதிர்காலம்’, ‘இன்றைய இளைஞர்கள்’. பேச்சுப் போட்டிகளில் மேடை மேடையாக ஏறி இறங்கிக் களைத்துப்போன தலைப்புகள். பத்து நிமிட ஒலிப்பதிவுக்கு இவற்றில் ஒன்றும் ஆகாது.

முதல் தலைப்பையே பார். 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்ததில் ஆரம்பிப்பீர்கள். 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில், முன்ஷி அப்துல்லா, ரப்பர், கங்காணி, ஜப்பான்காரன் காலம், சுதந்திரம் என்று ஓடி, பத்தாவது நிமிடத்தில் மூச்சிரைக்க ‘நன்றி, வணக்கம்’ சொல்வீர்கள். தேதியெல்லாம் சரியாகவே இருக்கும். அதை உன் குரலில் கேட்டாக வேண்டிய அவசியம்தான் யாருக்கும் இருக்காது.

தலைப்பு என்று நான் ஏற்றுக்கொள்வது இதைத்தான்: உனக்கே பதில் தெரியாத ஒரு கேள்வி, மோட்டாரில் போய்வரக்கூடிய தூரத்தில் பதில் தெரிந்த ஒருவர். இரண்டில் ஒன்று குறைந்தாலும் தள்ளிவிடு.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கோலாலம்பூருக்கு ரயிலேற நாம் புலாவ் செபாங்குக்குப் போகிறோம். மலாக்கா நகருக்குள் ஏன் ரயில் இல்லை? ஒரு காலத்தில் இருந்தது. தம்பினிலிருந்து நகர்வரை ஒரு கிளைப்பாதை ஓடியது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்து, சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே அவர்கள் போட்ட ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள். போருக்குப் பிறகும் அந்தப் பாதை திரும்ப வரவில்லை. சுமார் 415 கிலோமீட்டர் நீளமான சயாம் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அதே வேலைக்குத்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களையும் பிடித்துப் போனார்கள். இரும்பும் போனது, ஆளும் போனது. ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்று நாவலே எழுதியிருக்கிறார். பள்ளி நூலகத்தில் இல்லாவிட்டால் தமிழாசிரியரிடம் கேள்.

இதுவரை சொன்னது பின்னணி மட்டும். ‘மரண ரயிலின் வரலாறு’ என்று தலைப்பு வைத்தால் மறுபடியும் பேச்சுப் போட்டிக்குத்தான் போய் நிற்பாய். போனவர்களில் இன்று யாரும் மிஞ்சியிருப்பது அரிது. அப்பா போனபோது தொட்டிலில் கிடந்த பிள்ளைக்கு இப்போது எண்பதைத் தாண்டியிருக்கும். ஜாசின் பக்கமோ அலோர் காஜா பக்கமோ அப்படி ஒருவரைக் கண்டுபிடி. அவரிடம் சயாமைப் பற்றிக் கேட்காதே, அவருக்குத் தெரியாது. ‘அப்பா திரும்பி வராத வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது?’ என்று கேள். மரவள்ளிக்கிழங்கு வரும். அம்மா இன்னொருவரைக் கட்டிக்கொண்ட கதை வரலாம். தோட்டத்தில் யார் உதவினார்கள், யார் உதவவில்லை என்பதும் வரும். எந்தப் புத்தகமும் உனக்குக் கொடுக்காத பத்து நிமிடம் அது.

தலைப்புத் தேட உங்கள் குழு வகுப்பறையில் கூடி வெண்பலகையில் எழுதிப் பார்த்ததாகச் சொன்னாய். அதை விட்டுவிடுங்கள். கூடி உட்கார்ந்து யோசனைகளைக் கொட்டும் முறையை அலெக்ஸ் ஆஸ்பர்ன் என்ற அமெரிக்க விளம்பரக்காரர் பிரபலமாக்கினார். 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தபோது, தனித்தனியாக யோசித்தவர்களின் யோசனைகள், சேர்த்துப் பார்த்தால், கூடி யோசித்தவர்களுடையதைவிட அதிகமாக இருந்தன, தரமும் குறையவில்லை. நம் ஊர்க் கூட்டம் எதையாவது பார்த்தவருக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. உரக்கப் பேசுகிறவர் தலைப்புத்தான் ஜெயிக்கும், நல்ல கேள்வியை வைத்திருக்கும் பிள்ளை மூலையில் வாயை மூடிக்கொண்டிருக்கும். ஆளுக்கொரு தாளில் வீட்டில் எழுதி வாருங்கள். பிறகு பெயர் தெரியாமல் கலந்து வாசியுங்கள்.

எழுதியதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. இரவுச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் அந்தக் கேள்வியைப் போடு. ‘நல்ல தலைப்புமா’ என்றால் அது செத்த தலைப்பு. ‘அதெல்லாம் அப்படி இல்ல, ஒனக்கு யாரு சொன்னது?’ என்று சண்டைக்கு வந்தால் விடாதே.

இன்னொன்று, உன் வேலை காதுக்கானது. டான் சே யான் என்பவர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவில் வியாபாரத்துக்கென்று ரப்பர் பயிரான முதல் தோட்டம் நம் மாநிலத்தில்தான். பெருமைதான், ஆனால் அதில் கேட்க ஒன்றுமில்லை. பழைய ரப்பர் நிலங்களில் பல இன்று செம்பனைத் தோட்டங்கள். பால்மரம் வெட்டிய ஒரு பாட்டியின் கையில் பழைய உளியைக் கொடுத்துவிட்டுக் கேள்: விடியாத இருட்டில் மரத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், ஆள்கணக்கெடுக்கும் பெரட்டு மணி அடித்ததும் முதலில் என்ன செய்வீர்கள், மரத்தில் கட்டிய மங்கிலிருந்து வாளிக்குப் பால் ஊற்றும்போது என்ன சத்தம் வரும்? கை அசையத் தொடங்கினால் வாயும் தொடங்கும். சிக்காகோ வானொலியில் பல்லாண்டுகள் பேட்டி எடுத்த ஸ்டட்ஸ் டெர்கல் 1974இல் ‘வொர்க்கிங்’ என்ற புத்தகமாகத் தொகுத்தது இந்த மாதிரிப் பேச்சைத்தான்: சாதாரண மனிதர்கள் நாள் முழுவதும் என்ன வேலை செய்கிறார்கள், அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள். பாட்டி பேசும் தோட்டத்துத் தமிழை வெட்டித் திருத்தாதே. செய்தி வாசிப்பவர்போல அவர் பேச வேண்டியதில்லை. நீயும்தான்.

உங்கள் வகுப்பில் காஜா பேராங் கம்போங் செட்டியிலிருந்து வரும் தோழி இருப்பதாக எழுதியிருந்தாய். ‘தமிழை மறந்த தமிழர்கள்’ என்று ஒரு தலைப்பைத் தூக்கிக்கொண்டு மலாக்காச் செட்டிகளின் வீட்டுக்குப் போகாதே. பரிதாபப்பட வந்தவர்களிடம் யார் மனம்விட்டுப் பேசுவார்கள்? பொங்கலுக்கு முந்தின நாளும் பழக்காலத்திலும் அவர்கள் முன்னோருக்கு வாழையிலையில் படைக்கும் ‘பார்ச்சு’ பற்றிக் கேள். எந்தத் தாத்தாவுக்கு எந்தப் பதார்த்தம் பிடிக்கும், அதை இன்று யார் சமைக்கிறார்கள், கைப்பக்குவம் தவறினால் யார் முறைப்பார்கள்? அந்தத் தோழியே தொகுத்து வழங்கட்டும். நீ ஒலிவாங்கியைப் பிடி.

சில கேள்விகளுக்குப் பதில் கிடைத்தாலும் ஒலிபரப்பக் கூடாது. கள்ளுக்கடை, கடன், ஓடிப்போன மகள் என்று பேச்சு திரும்பும். பேசியவர் அழுதால் அது உனக்கு வெற்றி என்று நினைக்காதே. வெளியிடுமுன் அவர் வீட்டுக்குப் போய் முழுவதையும் போட்டுக் காட்டு. எடுக்கச் சொன்ன இடத்தை எடுத்துவிடு, பேரம் பேசாதே.

அடுத்த வாரத்துக்குள் குழுவில் ஒவ்வொருவரும் மூன்று கேள்வி எழுதி அனுப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யாரைக் கேட்கப் போகிறீர்கள், அவருக்கு எந்த நேரம் வசதி என்று குறியுங்கள். ஆள் இல்லாத கேள்வியை அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்