வேலியும் ஓர் உயிர்தான்!



சர்வே பாடத்தை எல்லோரும் மார்க்குக்காகப் படிக்கிறோம். நான் அதை முதன்முதலில் பயன்படுத்தியது எங்கள் சொந்தக் காட்டுக்குக் கெடுதல் செய்யத்தான். அந்தக் கதையையும், அதில் கற்ற பாடத்தையும் இங்கே சொல்கிறேன்.

காங்கேயம், தாராபுரம், மூலனூர் வட்டாரத்தில் 'கொறங்காடு' என்றால் எல்லோருக்கும் தெரியும். மானாவாரி மேய்ச்சல் நிலம். தரையில் கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை முள் உயிர்வேலி. காங்கேயம் மாடுகள் வளர்வது இதில்தான்.

எங்களுடையது நான்கு ஏக்கர். ஏறக்குறையச் சதுரம். பக்கத்துக்கு 417 அடி. சுற்றளவு சுமார் 1,670 அடி. வேலியின் அகலம் 5 அடி. பெருக்கிப் பார்த்தால் 8,350 சதுர அடி, அதாவது 19 சென்ட்!

"ஏனுங்கப்பா, 19 சென்ட் முள்ளுக்குப் போகுதுங்க. கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டிரலாமுங்க" என்றேன். படிக்கிற பையன் சொல்கிறானே என்று அப்பாவும் சம்மதித்தார். முதலில் மேற்குப் பக்கத்தை பொக்லைன் வைத்து எடுத்தோம்.

அப்பத்தா மட்டும், "ஏஞ்சாமி, அதுக்குள்ள குடியிருக்கறதெல்லாம் எங்கடா போகும்?" என்று கேட்டார். நான் சிரித்தேன்.

ஆடி வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றைத் தடுக்க அங்கே ஒன்றுமில்லை. மேல்மண் புழுதியாய்ப் பறந்தது. காலையில் கேட்கும் கவுதாரிச் சத்தம் அந்தப் பக்கம் நின்றுபோனது. கீரி, சாரைப்பாம்பு, உடும்பு எதையும் காணோம். தட்டுப்போரில் எலி பெருகியது. அப்பா எலி மருந்து வைத்தார். ஒரு வாரத்தில் கிணற்றடியில் புள்ளி ஆந்தை ஒன்று செத்துக் கிடந்தது. மருந்து தின்ற எலியைத் தின்றால் ஆந்தைக்கும் விஷம் ஏறும். எலி பிடிக்கிற வேலைக்காரனையே நாங்கள் கொன்றுவிட்டோமோ என்று அன்றிரவு தூக்கம் வரவில்லை.

என் கணக்கில் பிழையில்லை நண்பர்களே. 19 சென்ட் சரிதான். ஆனால் அதை 'வீண்' என்ற தலைப்பில் எழுதியதுதான் பிழை. காற்றுத் தடுப்பு, ஆட்டுக்குத் தழை, எலிக்குக் காவல், கரையான் தின்னும் கவுதாரிக்குக் கூடு, இத்தனையும் அந்த 19 சென்ட்டில் இருந்தது. கம்பிக்குத் துரு பிடிக்கும். கிளுவை வெட்ட வெட்டத் துளிர்க்கும்.

அடுத்த வருடம் மழைக்கு முன்பாக மற்றப் பக்கங்களிலிருந்து கிளுவைப் போத்து வெட்டி, கம்பியை ஒட்டியே நட்டோம். இப்போது இடுப்பளவு வந்திருக்கிறது. கவுதாரி இன்னும் திரும்பவில்லை.

விவசாயக் குடும்பத்து நண்பர்கள் செய்யக்கூடியவை:

1. வேலியை ஒரே வருடத்தில் முழுக்க வெட்டாதீர்கள். வருடம் ஒரு பக்கம் போதும். தீ வைக்கவே கூடாது.

2. சீமைக்கருவேலம் கன்றாக இருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள்.

3. தண்ணீர்த் தொட்டிக்குள் கரடுமுரடான கல் போடுங்கள். விழுந்த சிற்றுயிர் ஏறிப் பிழைக்கும்.

4. கிணற்றுக்குக் கைப்பிடிச்சுவர் கட்டுங்கள். முயல் விழாது, மனிதனும் விழமாட்டான்.

5. எலிக்கு மருந்து வேண்டாம், பொறி வையுங்கள்.

6. கவுதாரிக்குக் கண்ணி வைப்பவர்களை விடாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

நாளைக்கு நாம் எஸ்டிமேட் போடப் போகிறவர்கள். அளக்கும் முன்பு, அதற்குள் யார் குடியிருக்கிறார்கள் என்று ஒரு தடவை குனிந்து பார்ப்போமே!

– மூன்றாமாண்டு சிவில் மாணவன்