ஐம்பதைக் கடந்த தோலுக்கு ஆட்டுக்கொழுப்பு இரவுக் களிம்பு

விருதுநகர் மாவட்டத்தின் தாயில்பட்டியிலும் வெம்பக்கோட்டை வட்டாரத்திலும் பட்டாசு வேலையில் முப்பது வருடம் கழித்த பெண்களின் கைகளைப் பார்த்தாலே தெரியும். விரல் நுனி தடித்து, நகக்கண்ணில் வெள்ளிப் பவுடர் எனும் அலுமினியத் தூளின் கறுப்பு ஏறி, புறங்கை சுருங்கி வரிவரியாக இருக்கும். கரிசல் காட்டு வெயில் ஒரு பக்கம் தோலை உலர்த்துகிறது. வெடிமருந்தும் காகிதமும் பசையும் மறுபக்கம் அதன் எண்ணெயை உறிஞ்சுகின்றன. இதற்கு மேல் வயதும் சேர்கிறது. மாதவிடாய் நின்ற முதல் 5 ஆண்டுகளில் தோலைத் தாங்கும் கொலாஜன் ஏறத்தாழ 30 சதவீதம் வரை குறையக்கூடும் என்கிறார்கள் மருத்துவர்கள். எண்ணெய்ச் சுரப்பும் அதோடு குறைவதால் தோலால் ஈரத்தைப் பிடித்து வைக்க முடிவதில்லை.

இப்படிப்பட்ட தோலுக்கு இரவில் பூசுகிற ஒரு களிம்பை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அதற்கான முக்கியப் பொருள் கறிக்கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் ஆட்டுக்கொழுப்பு. அதில் உள்ள ஒலியிக், பால்மிடிக், ஸ்டியரிக் கொழுப்பு அமிலங்கள் நம் தோலின் எண்ணெயிலும் இருப்பவைதான். பூசியதும் மெல்லிய படலமாகப் படிந்து, உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமல் காக்கும். அதனால் தோல் மிருதுவாகும், வெடிப்பு குறையும். சுருக்கத்தை அழிப்பதோ வயதைக் குறைப்பதோ இதனால் ஆகாது. அப்படிச் சொல்லி விற்பவர்களை நம்பவும் வேண்டாம்.

இந்தக் களிம்பின் தரம் அதில் என்ன வாசனை சேர்க்கிறோம் என்பதில் இல்லை. கொழுப்பை எவ்வளவு பொறுமையாகச் சுத்தம் செய்கிறோம், கடைசித் துளி நீரையும் எப்படி விரட்டுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. ஆகவே சுத்தம் செய்யும் பகுதியை விரிவாகவே சொல்கிறேன்.

தொடங்கும் முன்: அடுப்பு எங்கே இருக்கிறது?

நம் ஊரில் இதை முதலில் சொல்லியாக வேண்டும். திரி, மருந்து, காகிதக் குழாய், கழிவுப் பட்டாசு என எதுவாக இருந்தாலும், அது இருக்கும் வீட்டில் கொழுப்பு உருக்கக் கூடாது. உரிமமில்லாமல் வீட்டுக்குள் பட்டாசு தயாரிப்பதே சட்டவிரோதம். அது எத்தனை உயிர்களைக் குடித்திருக்கிறது என்பது இந்தப் பகுதிக்குத் தெரியாததல்ல. வேலைக்குப் போட்டுப்போன சேலையோடு அடுப்படிக்கு வராதீர்கள். குளித்து, உடை மாற்றிய பிறகு தொடங்குங்கள்.

கொழுப்பு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள்; தீ மேலே வாரியடிக்கும். அடுப்பை அணைத்துவிட்டுப் பாத்திரத்தை மூடியால் மூடுங்கள். மூடி எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

தேவையானவை

ஆட்டுக்கொழுப்பு அரைக் கிலோ, செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் 100 மில்லி, கல்லுப்பு 2 மேசைக்கரண்டி, தேன்மெழுகு 10 கிராம், வெட்டிவேர் 10 கிராம் (விருப்பமிருந்தால்), 400 மில்லிகிராம் வைட்டமின் ஈ மாத்திரை ஒன்று. அடி கனமான பாத்திரம், வெள்ளை வேட்டித் துணி, சமையலறை எடை மெஷின், நன்றாகக் காய்ந்த சிறு கண்ணாடிப் பாட்டில்கள்.

கொழுப்பு வாங்கும்போது இடம் சொல்லிக் கேட்க வேண்டும். தோலை ஒட்டியும் கறியை ஒட்டியும் இருக்கும் கொழுப்பில் சவ்வும் ரத்தமும் அதிகம். குண்டிக்காயை, அதாவது சிறுநீரகத்தைச் சுற்றித் திரண்டிருக்கும் கொழுப்புதான் வெள்ளையாக, கெட்டியாக, வாடை குறைவாக இருக்கும். “அண்ணாச்சி, குண்டிக்காயச் சுத்தி இருக்கிற வெள்ளக் கொழுப்பா அரைக் கிலோ எடுத்து வைங்க, கிடாக் கொழுப்பு வேண்டாம்” என்று முந்தின நாளே சொல்லிவிட்டால் நல்லது. காயடிக்காத கிடாவின் கொழுப்பில் வெள்ளாட்டுக்கே உரிய அந்த வீச்சம் தூக்கலாக இருக்கும். எத்தனை முறை கழுவினாலும் முழுதாகப் போகாது. பெட்டை ஆடும் காயடித்த ஆடும் இதற்கு ஏற்றவை. நம் பகுதியின் கன்னி ஆடு, கொடி ஆடு எதுவானாலும் சரி. இனத்தைவிட அன்று வெட்டிய கொழுப்பா என்பதுதான் முக்கியம்.

தேன்மெழுகு வாங்குவதிலும் கவனம் வேண்டும். சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் மெழுகு என்று கேட்டால் தீக்குச்சியை முக்கி எடுக்கும் பாரபின் மெழுகு கைக்கு வரலாம். அது வெள்ளையாக, வாசனையற்று இருக்கும். தேன்மெழுகு பழுப்பு மஞ்சளில் இருக்கும், முகர்ந்தால் லேசாகத் தேன் மணக்கும். நாட்டு மருந்துக் கடையிலோ கதர்க் கடையிலோ கேளுங்கள்.

படி 1: நறுக்குதல்

கொழுப்பை அரை மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். விறைத்த பிறகு நறுக்கினால் கத்தியில் ஒட்டாது. சிவப்பாகத் தெரியும் கறித்துணுக்கையும் ரத்த நாளத்தையும் சவ்வையும் நகத்தால் உரித்து எறியுங்கள். பிறகு சுண்டைக்காய் அளவுக்குப் பொடியாக நறுக்குங்கள். துண்டு சிறிதானால் உருகும் நேரமும் வாடையும் குறையும்.

படி 2: முதல் உருக்கு

நறுக்கியதைப் பாத்திரத்தில் போட்டு, அரை லிட்டர் தண்ணீரும் ஒரு மேசைக்கரண்டி கல்லுப்பும் சேர்த்து, அடுப்பைச் சிறு தீயில் வையுங்கள். தண்ணீர் இருப்பதால் கொழுப்பு கருகாது. ரத்தமும் புரதமும் உப்புநீரில் இறங்கிவிடும். மூடி போட வேண்டாம், வாடை ஆவியோடு வெளியேறட்டும். அவ்வப்போது கிளறுங்கள், தண்ணீர் வற்றினால் வெந்நீர் சேருங்கள். ஒன்றரை முதல் 2 மணி நேரத்தில் துண்டுகள் சுருங்கிச் சக்கையாகிவிடும். மேலே தெளிந்த பொன்னிறக் கொழுப்பு நிற்கும். புகை வந்தால் தீ அதிகம் என்று பொருள், உடனே குறையுங்கள்.

வேட்டித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டுங்கள். சக்கையைப் பிழியாதீர்கள், பிழிந்தால் கசடும் சேர்ந்து இறங்கும்.

படி 3: கழுவி எடுத்தல்

வடித்ததை ஆறவைத்து, இரவு முழுவதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் கொழுப்பு வெள்ளை வட்டாக மேலே உறைந்திருக்கும், கலங்கிய நீர் அடியில் நிற்கும். வட்டின் ஓரத்தைக் கத்தியால் நெம்பித் தூக்கித் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் பழுப்பாக, பசைபோல ஒரு படலம் ஒட்டியிருக்கும். களிம்பைக் கெடுப்பதும் நாற வைப்பதும் அதுதான். வெள்ளை தெரியும்வரை அதைச் சுரண்டி எறியுங்கள்.

வட்டை மறுபடி அரை லிட்டர் புதுத் தண்ணீரிலும் அரை மேசைக்கரண்டி உப்பிலும் போட்டு 20 நிமிடம் சிறு தீயில் உருக்கி, முன்போலவே வடித்து உறையவைத்துச் சுரண்டுங்கள். மூன்றாம் முறை உப்பில்லாத வெறும் தண்ணீரில் செய்யுங்கள். அடிப்படலமும் நீரின் கலங்கலும் அநேகமாகப் போயிருந்தால் போதும். இல்லையென்றால் இன்னொரு முறை. அரைக் கிலோ கொழுப்பில் இப்படி 350 கிராம் வரை சுத்தக் கொழுப்பு தேறும்.

படி 4: நீரை விரட்டுதல்

ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவிட்டு, அதன்மேல் இன்னொரு பாத்திரம் வைத்து, அதில் வட்டை உருக்குங்கள். கொழுப்பு முழுதாக உருகித் தெளியும்வரை அப்படியே இருக்கட்டும். பிறகு ஒரு சோதனை: காய்ந்த இரும்புக் கரண்டியைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, அதில் ஒரு சொட்டு விடுங்கள். சடசடவென்று பொரிந்தால் நீர் இன்னும் இருக்கிறது, மேலும் காய்ச்சுங்கள். சத்தமில்லாமல் பரவினால் கொழுப்பு தயார். தேவைக்கு எடுத்தது போக மீதியைக் காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரீசரில் வைத்தால் 6 மாதம் தாங்கும்.

படி 5: எண்ணெய்

ஆட்டுக்கொழுப்பு தனியாக இருந்தால் ஏறத்தாழ 45 டிகிரிச் சூட்டில்தான் முழுதாக உருகும். நம் தோலின் மேற்பரப்போ 33 டிகிரி வாக்கில்தான் இருக்கும். எனவே வெறும் கொழுப்பைப் பூசினால் மெழுகுவத்தியைத் தேய்த்ததுபோல் இழுக்கும். இளக்கிப் பரப்புவதற்கு எண்ணெய் வேண்டும்.

அதற்கு நல்லெண்ணெயே போதும். விருதுநகர் எண்ணெய் வியாபாரத்துக்குப் பேர்போன ஊர் என்பதால் நல்ல சரக்குக்கு நமக்குப் பஞ்சமில்லை. நல்லெண்ணெயில் ஏறக்குறைய 40 சதவீதம் லினோலியிக் அமிலம் உண்டு. தோலின் காப்புச் சுவருக்கு அது தேவை. இயல்பாகவே உள்ள சீசமால் போன்ற பொருள்கள் எண்ணெய் சீக்கிரம் சிக்குப்பிடிக்காமல் காக்கின்றன.

மணம் வேண்டுமென்றால் மொறமொறவென்று காய்ந்த வெட்டிவேரைப் பொடியாக வெட்டி எண்ணெயில் போட்டு, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் 2 மணி நேரம் சூடேற்றி வடிகட்டுங்கள். பச்சைக் கற்றாழை, எலுமிச்சைச் சாறு, பன்னீர் எதையும் சேர்க்காதீர்கள். நீர் கலந்த இடத்தில் பூசணம் வரும். கற்பூரமும் வேண்டாம்.

படி 6: கலவை

சித்திரை, வைகாசியில்: கொழுப்பு 100 கிராம், எண்ணெய் 40 கிராம், தேன்மெழுகு 5 கிராம். மார்கழி, தையில்: கொழுப்பு 100 கிராம், எண்ணெய் 70 கிராம், மெழுகு வேண்டாம்.

மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் முதலில் அதைக் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் உருக்கி, அதில் கொழுப்பையும் எண்ணெயையும் சேருங்கள். இறக்கிக் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் வைட்டமின் ஈ மாத்திரையைக் குத்திப் பிழியுங்கள். உடனே பாத்திரத்தை ஐஸ் தண்ணீர்த் தட்டில் வைத்து, ஓரம் கெட்டிப்படத் தொடங்கும்போது கரண்டியால் விடாமல் அடியுங்கள். தானாக மெல்ல ஆறவிட்டால் ரவை ரவையாகத் திரியும். வேகமாக ஆறினால் வெண்ணெய்ப் பதத்தில் வழுவழுப்பாக வரும். ஐஸ் தண்ணீர் உள்ளே தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரவையாகிவிட்டால் மறுபடி உருக்கி ஆற்றலாம், நட்டமில்லை.

பாட்டிலில் நிரப்பித் தேதி எழுதி ஒட்டுங்கள். வெளியில் 2 மாதம், ஃப்ரிட்ஜில் 4 மாதம் வரை வைக்கலாம். எப்போதும் காய்ந்த கரண்டியால்தான் எடுக்க வேண்டும். சிக்கு வாடையோ மஞ்சள் புள்ளியோ வந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

பூசும் முறை

முதல் முறை முன்கையின் உட்புறத்தில் ஒரு பொட்டு வைத்து 2 நாள் பாருங்கள். எள் ஒவ்வாதவர்கள் உண்டு. அரிப்போ சிவப்போ இல்லையென்றால் தொடங்கலாம்.

ஆலையிலிருந்து கிளம்பும் முன்பே கைகால் கழுவி உடை மாற்றிவிடுவது முதல் பழக்கம். சலவை சோப்பும் மண்ணெண்ணெயும் போட்டுத் தேய்ப்பதை விடுங்கள். மிச்ச எண்ணெயையும் அவை எடுத்துவிடும். பாசிப்பயறு மாவு போதும்.

படுக்கும் முன் முகம், கை கழுவி, துணியால் ஒற்றிவிட்டு, லேசான ஈரம் இருக்கும்போதே பூசுங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் மிளகளவு. இரண்டு கைக்கும் சேர்த்துப் புளியங்கொட்டை அளவு. உள்ளங்கையில் தேய்த்து இளக்கி, நகக்கண், விரல் கணு, புறங்கை என்று நிதானமாக நீவிவிடுங்கள். குதிகால் வெடிப்புக்கு இதோடு 4 சொட்டு விளக்கெண்ணெய் கலந்து பூசிப் பருத்திக் காலுறை போடலாம்.

காலையில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிய பிறகே வேலைக்குக் கிளம்ப வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பிசுக்குள்ள கையில் மருந்துத்தூள் அப்பிக்கொள்ளும். வெடியுப்பு ஆக்சிஜனைத் தருவது, கொழுப்பு எரிபொருள். இரண்டும் சேரக் கூடாதவை. களிம்புப் பாட்டிலை ஆலைக்குக் கொண்டுபோகவே வேண்டாம். கொழுப்பு ஊறிய தலையணை உறையும் துணியும்கூடச் சீக்கிரம் பற்றும் என்பதால், வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து, கொசுவத்திச் சுருளைப் படுக்கையிலிருந்து தள்ளி வையுங்கள்.

யாருக்கு ஆகாது?

பருவும் எண்ணெய் வழிதலும் உள்ள முகத்துக்கு வேண்டாம். படை, நீர் கோத்த புண், சர்க்கரை நோயாளியின் கால்புண் ஆகியவற்றில் பூசாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். தீக்காயத்தில் ஒருபோதும் பூசாதீர்கள். 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டி, சுத்தத் துணியால் மூடி, 108-ஐ அழையுங்கள். கையில் அரிப்பும் தடிப்பும் மாதக்கணக்கில் நீடித்தால் அது வேலையிடத்து ஒவ்வாமையாக இருக்கலாம். களிம்பால் மறைக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மயில் எண்ணெய், உடும்பு எண்ணெய் என்று சாலையோரம் விற்பதை வாங்கிக் கலக்காதீர்கள். இரண்டும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் உயிர்கள்.

அசைவம் தொடாதவர்கள் கொழுப்புக்குப் பதில் நல்லெண்ணெய் 4 பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு சேர்த்து உருக்கி இதே முறையில் ஆற்றலாம். பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும்போது ஆட்டுக்கொழுப்பு என்பதைப் பாட்டில் மேலேயே எழுதுங்கள். எதைப் பூசுகிறோம் என்று தெரிந்துகொள்வது அவரவர் உரிமை. விற்பதாக இருந்தால் அழகுப்பொருள் தயாரிப்பு உரிமம் வேண்டும்.

செலவு கணக்குப் பார்த்தால் மிகக் குறைவு, வேலைதான் இரண்டு மூன்று நாள் இழுக்கும். அக்காவும் தங்கையும், மாமியாரும் மருமகளும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை உருக்கிவைத்தால் இரண்டு வீட்டுக்கு ஒரு பருவத்துக்கு வரும். ஊர் உலகத்தின் தீபாவளிக்காக வருடமெல்லாம் உழைக்கும் கைகளுக்கு ராத்திரியில் ஐந்து நிமிடம் ஒதுக்குவதை வீண் அலங்காரம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். சம்பாதிக்கும் கை அது. அதைப் பேணுவதும் குடும்பத்தைப் பேணுவதுதான்.